சொல் வந்த வழி: ‘கேஷ்’ நம் ‘காசு’தானா?

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். பேச்சுப் போட்டி ஒன்றில், “ஆங்கிலேயருக்குக் கேஷ் என்ற சொல்லைக் கொடுத்ததே நம் காசுதான்” என்று பேசினாள். நடுவர் ஒருவர், “இது வாட்ஸ்ஆப்பில் சுற்றும் கதை, அது லத்தீன் சொல்” என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். பிள்ளை வீட்டுக்கு வந்து அழுதாள். இணையத்தில் தேடினால் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். எது சரி அம்மா?
– ஒரு தகப்பன், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஐயா, மகளை அருகில் அழைத்து முதலில் இதைச் சொல்லுங்கள். அவள் சொன்னது பொய்யில்லை. நடுவர் சொன்னதும் பொய்யில்லை. இருவரும் இரண்டு சொற்களை ஒரே சொல் என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்துக்கூட்டல் ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த வீடு வேறு. பெரிய ஆங்கில அகராதிகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு இருக்கிறது. ஒன்று பணப்பெட்டியிலிருந்து வந்தது. மற்றது நம் காசிலிருந்தே போனது. பிள்ளை அழுதாள் என்று படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அதனால் இந்த இதழில் எனக்குக் கொடுத்திருக்கும் இடத்தில் பெரும்பகுதி உங்கள் மகளுக்குத்தான்.

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். அது எனக்குப் பழகிய பொருள்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் மார்க்கெட் தெருவில், இப்போதைய லெபோ பாசாரில், ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். இரவு கடைக்கதவு பாதி இறங்கியதும் முதலாளி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “இன்றைக்குக் கல்லா எவ்வளவு?” கல்லா என்பது பெட்டி. அவர் பெட்டியைப் பற்றியா கேட்டார்? உள்ளே சேர்ந்திருந்த பணத்தைக் கேட்டார். “நன்றாகக் கல்லா கட்டினான்” என்று ஒருவனைச் சொன்னால், அவன் பெட்டி செய்கிற தச்சன் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பெட்டியின் பெயர் பணத்துக்கு ஏறிவிட்டது. இது எப்போது நடந்தது, யார் நடத்தினார்கள் என்று நாம் கேட்பதும் இல்லை. நாள்தோறும் வாயில் புழங்கிப் புழங்கி அப்படி ஆகிவிட்டது.

ஆங்கிலத்துக் கேஷும் இதே வழியில் வந்ததுதான். பழைய ரோமாபுரியில் நூல் சுருள்களை வைத்து எடுத்துப்போக உருளை வடிவில் ஒரு பெட்டி இருந்தது. அதன் பெயர் ‘காப்ஸா’. வசதியான வீட்டுப் பிள்ளை பாடம் படிக்கப் போகும்போது அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் ஓர் அடிமை போவான். பெட்டியின் பெயரை வைத்தே அவனையும் அழைத்தார்கள். இந்தக் காப்ஸாவிலிருந்து இத்தாலியர்களுக்குக் ‘காஸ்ஸா’ கிடைத்தது, போர்த்துகீசியர்களுக்குக் ‘கைஷா’ கிடைத்தது, பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் வாய்க்கு ஏற்ப ஒரு வடிவம் வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் பொருள் பெட்டி. வணிகர் வாயில் பணப்பெட்டி. நாம் விழுங்கும் கேப்சூலும், எண்பதுகளில் பாட்டுக் கேட்ட கேசட்டும் அந்தக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகள். இரண்டுக்கும் சிறு பெட்டி என்றுதான் பொருள்.

ஆங்கிலத்தில் கேஷ் என்ற சொல் 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தலைகாட்டுகிறது. 1598இல் ஜான் ஃப்ளோரியோ என்பவர் லண்டனில் ஓர் இத்தாலிய – ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் ‘காஸ்ஸா’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும்போது, வணிகருடைய ‘கேஷ்’ என்கிறார். பெட்டியைத்தான் சொல்கிறார். பிறகு சிறிது காலம் பெட்டி, பணம் என்ற இரண்டு பொருளிலும் அந்தச் சொல் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் மறைந்து பணம் மட்டும் நின்றுவிட்டது. நடுவர் சொன்ன லத்தீன் வழி இதுதான். இந்தச் சொல்லுக்கு நம் காசு தாயும் அல்ல, அத்தையும் அல்ல. போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498இல். அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் காப்ஸா இருந்தது. சொல்லுக்கு வேர் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு: அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள் என்ன, அதை யார் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒலி ஒற்றுமை அதற்குப் பிறகுதான்.

இங்கே என் அப்பாவின் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பதின்மூன்று வயதில் கப்பலேறி வந்து, பினாங்குத் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். சுவர் ஓரமாக ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், ஓர் அலமாரி, ஒரு பாய், பாயின்மேல் ஒரு சாய்வுப் பெட்டி. மேலாள் சம்மணமிட்டு உட்கார்ந்து அதன் மூடியின்மேல் பேரேட்டை வைத்து எழுதுவார். மூடியைத் தூக்கினால் பணம். கடன் கேட்டு வருகிறவர் எதிரே பாயில் அமர்வார். மேலாள், அடுத்தாள், அவர்களுக்குக் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியின் அடியில் நின்று ஏவல் கேட்கிறவன் என்பதால் அந்தப் பெயர்.

கிட்டங்கியில் பழைய சாமான்களைக் கழித்தபோது அப்பா கேட்டு வாங்கிவந்த பெட்டி இப்போது என் எழுது மேசைமேல் இருக்கிறது. தேக்கு. மூடியின் வலது ஓரம், உள்ளங்கையின் விளிம்பு உராய்ந்து உராய்ந்து, மற்ற இடங்களைவிடத் தாழ்ந்து வழவழப்பாக இருக்கிறது. உள்ளே இடப்பக்கம் ஆறு சின்னக் குழிகள், சில்லறைக்கு. ஒவ்வொரு குழியும் கிண்ணம்போல் குடைந்தது. விரலை விட்டு மேல்நோக்கி வழித்தால் நாணயம் தானே ஏறி வரும். வலப்பக்கம் நோட்டுகளுக்கு ஒரு தட்டு. தட்டைத் தூக்கினால் அடியில் பிராமிசரி நோட்டுப் பத்திரங்கள் வைக்க ஒரு மறைவு அறை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் பழைய செம்பு வாடையும் கற்பூர வாடையும் கலந்து வருகிறது. ‘பெட்டியடியில் எவ்வளவு இருக்கிறது?’ என்றால் கையிருப்பு எவ்வளவு என்று பொருள் என்பார் அப்பா. ஃப்ளோரியோவின் அகராதிச் செய்தியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தபோது, லண்டன் வணிகனும் காரைக்குடி வணிகனும் ஒருவரை ஒருவர் பாராமலே ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. இந்தத் தீவில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். நம் பெட்டி மலாயில் ‘பெத்தி’ ஆகிவிட்டது. இரும்புப் பெட்டகம் ‘பெத்தி பெசி’, குளிர்சாதனப் பெட்டி ‘பெத்தி செஜுக்’. உங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்பதுகூட நம் பெட்டிதான்.

இனி உங்கள் மகளின் பாதி.

காசு பழைய சொல். குறுந்தொகை 148ஆம் பாட்டில், செல்வர் வீட்டுச் சிறுவர்களின் காலில் ஒலிக்கும் கிண்கிணியின் காசுகளைக் கொன்றை அரும்புக்கு உவமை காட்டுகிறார் புலவர். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு படித்திருப்போம். அங்கேயும் காசு உட்கார்ந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால் காசுக் கணக்குதான். கோயில் பணத்தைக் கடன் பெற்ற ஊர்கள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கொடுத்தன. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் மறப்பதே இல்லை.

அன்று பொன்னாக இருந்த காசு நாளடைவில் செம்புச் சில்லறையாகக் குறுகியது. போர்த்துகீசியர் தென்னிந்தியத் துறைகளில் வாணிகம் செய்தபோது கேட்டது இந்தச் சில்லறைக் காசைத்தான். ‘காசு’ என்று நாம் சொல்லும்போது கடைசி உகரம் முழுதாக ஒலிப்பதில்லை. அது குற்றியலுகரம், பாதியில் நின்றுவிடும். அயலார் காதில் ‘காஸ்’ என்றுதான் விழும். அவர்களிடம் ஏற்கெனவே பெட்டிக்குக் ‘கைஷா’ என்ற சொல் இருந்தது. புதிதாகக் கேட்ட சொல்லைப் பழகிய சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழிக்காரருக்கும் இயல்பு. நம் காசும் அவர்கள் வாயில் ‘கைஷா’ ஆயிற்று. அவர்கள் நமக்கு மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பதிலுக்குக் காசை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. கீழ்த்திசைக் கடல் முழுதும் எங்கெல்லாம் மலிவான செம்பு, ஈய நாணயம் கண்டார்களோ அதற்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தார்கள். சாவகத்து, அதாவது ஜாவாவின், நாணயம் கைஷா. நடுவில் சதுரத் துளையுள்ள சீன நாணயமும் கைஷா. ஆங்கிலேயர் அதைக் கேட்டுக் ‘கேஷ்’ ஆக்கினார்கள். இன்றும் அந்தச் சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றுதான் பெயர். சீனர்கள் அப்படிச் சொன்னதில்லை. அது தமிழ்ப் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் கோவாவில் பேராயருக்குச் செயலாளராக இருந்து, கீழ்த்திசை வாணிகத்தைப் பற்றிக் கேட்டதையும் கண்டதையும் நூலாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வெளிவந்த ஆண்டு 1598. ஃப்ளோரியோவின் அகராதி வந்த அதே ஆண்டு, அதே ஊர்! அந்த நூலில், சாவகத்தின் மேற்குப் பகுதியான சுந்தா நாட்டைப் பற்றிய இடத்தில், அங்கே கைஷா என்ற செம்பு நாணயத்தைத் தவிர வேறு பணமில்லை, ஹாலந்துத் துட்டின் அளவுதான், ஆனால் அதில் பாதித் தடிமன்கூட இல்லை, நடுவில் துளை, ஒரு கயிற்றில் இருநூறு, ஆயிரம் என்று கோத்து வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. பெட்டியிலிருந்து வந்த கேஷும் காசிலிருந்து வந்த கைஷாவும் ஒரே ஆண்டில் லண்டன் அச்சில் ஏறியிருக்கின்றன, ஒன்றை ஒன்று அறியாமல்.

இரண்டும் நேருக்கு நேர் சந்தித்த இடம் சென்னை. 1639இல் கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கே கால் ஊன்றியது. உள்ளூர்க் கணக்கு காசு, பணம், வராகன். கும்பினிக் கணக்குப்பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள்: 80 கேஷ் ஒரு ‘ஃபனம்’, 42 ஃபனம் ஒரு ‘பகோடா’. ஃபனம் நம் பணம். பகோடா நம் வராகன். 1818இல் ரூபாய் வந்து இந்தக் கணக்கை மாற்றும் வரை இதுதான் முறை. அந்தப் பேரேடுகளில் கையிருப்பைச் சொல்லும் கேஷும் சில்லறைக் காசைச் சொல்லும் கேஷும் ஒரே பக்கத்தில் இருந்தால் வியப்பில்லை. குழப்பம் இன்று வாட்ஸ்ஆப்பில் பிறந்தது அல்ல. அதற்கு வயது முந்நூறுக்கு மேல்.

அப்பாவின் பெட்டியில் முதல் குழியில் இப்போது ஒரே ஒரு நாணயம் வைத்திருக்கிறேன். லண்டனிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கிவந்து கொடுத்தது. செம்பு, 1808 என்று ஆண்டு. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கி நிற்கும் கும்பினிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில், இருபது காசு நான்கு ஃபுலூஸ் ஆகும் என்ற வாசகம். அதன் கீழே ரோமானிய எண்ணில் இருபது. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’. பூதக்கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். இது சென்னைக்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆலையில் அடித்த நாணயம். பீப்பாய் பீப்பாயாக நிரப்பி ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளித்து எடுத்தபோது பல லட்சம் நாணயங்கள் கிடைத்தன. தமிழன் கைக்கு வர வேண்டிய காசு, தமிழ்ப் பெயரைத் தாங்கியபடியே, நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் ஆங்கிலேயன் கடலடியில் கிடந்திருக்கிறது. நாணயத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆகவே, அடுத்த போட்டியில் பிள்ளை இப்படிப் பேசட்டும்: “ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் கேஷ் லத்தீன் பெட்டியிலிருந்து வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. அது நாணயத்தின் பெயர். அது எங்கள் காசு. சீனத்து நாணயத்துக்குக்கூட அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.” நடுவர் எவரும் இதை மறுக்க முடியாது. ஜார்ஜ்டவுன் பக்கம் வரும்போது, ஆசிரியர் வழியாக எனக்கு ஒரு வரி எழுதிவிட்டு, அவளை அழைத்து வாருங்கள். நாணயத்தை அவள் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன்.

கேள்வி: மலாய்க்காரர்கள் பணத்தை ‘டூயிட்’ என்கிறார்கள். நாம் துட்டு என்கிறோம். நம்மிடமிருந்துதானே அவர்கள் எடுத்தார்கள்?
– கூலிம் வாசகர்

பதில்: இல்லை ஐயா. இருவரும் மூன்றாமவரிடம் வாங்கியது. மேலே லின்ஸ்கோட்டன் நூலில் ‘ஹாலந்துத் துட்டு’ என்று வந்ததைக் கவனித்தீர்களா? டச்சுக்காரரின் மிகச் சிறிய செம்பு நாணயத்துக்கு அதுதான் பெயர். அவர்கள் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது 1658இல். மலாக்காவைப் பிடித்தது 1641இல். இரண்டு கரையிலும் ஒரே நாணயம் புழங்கியது. நாம் துட்டு என்றோம், மலாய்க்காரர்கள் டூயிட் என்றார்கள். ஒரு வேறுபாடு உண்டு. மலாயில் அது எல்லாப் பணத்துக்கும் பொதுப்பெயராக வளர்ந்துவிட்டது. நம்மிடம் அதில் இன்னும் சில்லறையின் வாசம் இருக்கிறது.

நாம் கொடுத்தது குறைவில்லை. கடை ‘கெடாய்’ ஆயிற்று, முதல் ‘மோடால்’ ஆயிற்று, கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. கடை வைக்க முதல் வேண்டும், சரக்கு வரக் கப்பல் வேண்டும். மூன்றையும் நம்மிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். துட்டை மட்டும் டச்சுக்காரருக்கே விட்டுவிடுவோம்.

கேள்வி: வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். நீங்கள் முன்பு ஒருமுறை, கேஸ் என்றால் பெட்டி என்று எழுதினீர்கள். நாங்கள் நாள்தோறும் கட்டும் கேஸ் கட்டும் அந்தப் பெட்டிதானா?
– பட்டர்வொர்த் வாசகி

பதில்: இல்லை அம்மா, இதுவும் இரட்டைச் சொல். சூட்கேஸில் உள்ள கேஸ் அதே காப்ஸா பெட்டி. நீதிமன்றத்துக் கேஸ், ‘விழுதல்’ என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மேலே வந்து விழுந்தது, நேர்ந்தது என்பது கருத்து. நாமும் ‘தலையில் வந்து விழுந்தது’ என்றுதானே சொல்கிறோம். உங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே அந்தப் பொருள் விளங்கும்.

கேள்வி: பழைய ஆங்கில நாளிதழ் ஒன்றில், ஒரு பட்டாளத்து அதிகாரி ‘கேஷியர்’ செய்யப்பட்டார் என்று படித்தேன். அவருக்குக் கணக்கு வேலை கொடுத்தார்களா?
– தைப்பிங் வாசகர்

பதில்: வேலையை விட்டே நீக்கினார்கள். அதுவும் அவமானப்படுத்தி. உடைத்தல், செல்லாததாக்கல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கல்லாவில் இருக்கும் கேஷியர் பணப்பெட்டியின் பிள்ளை. இந்தக் கேஷியருக்கும் அவருக்கும் உறவே இல்லை.

கேள்வி: கேஷ், கேஷ் என்றே எழுதிக்கொண்டிருந்தால் எப்படி? தமிழில் சொல் இல்லையா?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: ரொக்கம் இருக்கிறது. அப்பாவின் பேரேட்டில் ஒவ்வொரு நாள் கணக்கின் அடியிலும் ‘ரொக்கம் இருப்பு’ என்றுதான் முடியும். வடக்கே ‘ரோக்கட்’ என்று வழங்கும் சொல்லின் உறவு அது. ஆயினும் பல தலைமுறையாக நம் கணக்குப்பிள்ளைகள் எழுதி எழுதி நம்முடையதாகிவிட்டது. கடைப் பலகையில் ‘ரொக்கம்’ என்று எழுதலாம். லெபோ குவீன் பக்கம் நான் போகும் கடை ஒன்றில் ‘கடன் இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற பலகை இன்னும் தொங்குகிறது. சாயம் உரிந்துவிட்டது. கடைக்காரரிடம் அதைத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நான் ‘ஐந்து காசு’, ‘இருபது காசு’ என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ‘சென்’ என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு எழுபத்தாறு வயது. இனிமேல் மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– சுங்கை பாக்காப் பாட்டி

பதில்: வேண்டாம் அக்கா. சென் என்பது செண்ட். நூற்றில் ஒன்று என்பது அதன் பொருள். பள்ளியிலும் வங்கியிலும் அது சரி. வெள்ளி (ரிங்கிட்), காசு என்பது இந்த நாட்டுத் தமிழர் மூன்று நான்கு தலைமுறையாகப் பேசிவந்த கணக்கு. தமிழ்நாட்டில் காசு என்றால் பொதுவாகப் பணம் என்று ஆகிவிட்டது. நாம்தான் இங்கே அதைக் குறிப்பிட்ட ஒரு சில்லறைக்குப் பெயராக வைத்துக் காப்பாற்றியிருக்கிறோம். 2008 ஏப்ரல் முதல் கடைக்கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்கச் சொன்னார்கள். அத்தோடு ஒரு காசு நாணயம் கையை விட்டுப் போயிற்று. அந்த ஆண்டு எங்கள் கடையில் கல்லாக் குழி ஒன்று காலியானது. அதில் ரப்பர் வளையங்களைப் போட்டு வைத்தேன்.

பேரப்பிள்ளைகளை இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் ஆளுக்கு ஐம்பது காசு கொடுங்கள். ‘காசு’ என்று சொல்லியே கொடுங்கள்.